புறக்கணிக்கத்தக்க நடமாட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம்தான், வீடு முழுக்கத் தூசி, எனக்குக் கோபம், மற்றபடி குறையில்லை. உன் இருமல் நின்றதா. போனில் சொன்னால் நடுவில் பேசியே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

தெருக்கோடியில் மரக்கிடங்கு இருந்த இடத்தில் இருபது மாடி வரப்போகிறது என்றேனே, அதன் வண்டிகளெல்லாம் நம் தெரு வழியாகத்தான் வெளியே வருமாம். அதனால் ஒன்றும் ஆகிவிடாது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வு எனக்குத் தெரியும், நம் வாசலில்தான் நடந்தது. வண்டி எண்ணுவதற்கு இரண்டு பேர் குடையும் நாற்காலியுமாக வந்தார்கள். எப்போது? சாக்கடைக் குழாய் பதிக்கத் தெருவின் இரண்டு முனையையும் வெட்டிப்போட்டிருந்த வாரத்தில். சைக்கிள்கூட நுழையாது. பள்ளத்தைத் தாண்டிக் குதித்து வந்து, வராத வண்டியை எண்ணினார்கள். குழியை மூடினப்புறம் வாங்களேன் என்றேன். எங்களுக்கு இந்த வாரம்தான் போட்டிருக்கும்மா, குழி வேற டிபார்ட்மெண்ட் என்றார் ஒருவர். அப்பா கேட்டருகே உட்கார்ந்துகொண்டு, ஒரு பூனை போகுது தம்பி, எழுதிக்கோ என்று அவர்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று கருத்துக் கேட்புக் கூட்டம். ஏசி அறை, பெரிய திரை, டை கட்டிய ஒருவர். நம் தெருவுக்கு இணைப்புச் சாலை இரண்டு என்று பெயராம், இத்தனை வருடம் குடியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு டாக்டரம்மா, ஸ்கூல் விடுற நேரத்துல ஒரு தடவை வந்து நின்னு பாருங்க என்றார். அதற்கு டை கட்டியவர் திரையில் ஒரு பச்சை அம்புக்குறியைக் காட்டினார், நெரிசலே இருக்காதாம். எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் மாடல் அப்படித்தான் சொல்கிறது என்ற ஒரே பதில். அந்த மாடலையே கூப்பிடுங்க சார், நாங்க அதுகிட்டயே பேசிக்கிறோம் என்றார் மூலைக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். டை சிரிக்கவில்லை.

பிறகு ஒரு படம் போட்டார். நம் கேட். அதன்மேல் நான் காயப்போட்ட நீலப் போர்வை. நாற்காலியில் அப்பா, மடியில் ஊன்றுகோல். கீழே ஒரு வரி: பாதசாரிகள் நடமாட்டம் புறக்கணிக்கத்தக்கது. அடுத்து கடைசிப் பக்கம். சரிபார்த்தவர் என்று உன் பெயர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், உடனே திரையைப் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

தெரிந்தே செய்தாய் என்று நினைக்கவில்லை. பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன், அது இன்னும் கேவலம். வேலை குவிந்திருக்கும், உனக்குக் கீழே இருக்கிறவர்கள் கொடுத்ததை நம்பியிருப்பாய், இதெல்லாம் டை கட்டியவரும் சொல்வார். அந்தப் போர்வை நீ வாங்கி அனுப்பியது.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா தினமும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் பிசியோதெரபிக்குப் போகிறார். நடுத்தெருவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். இருபது மாடி வண்டியும் அதுவரை பொறுத்து நிற்குமா என்று உன் மாடலைக் கேட்டுச் சொல். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். குழந்தைக்கு வேலை ஜாஸ்தி, விடு என்று சிரித்தார். இன்று நாற்காலியை உள்ளே எடுத்துப்போடச் சொன்னார். வெயிலாம். வெயிலே இல்லை.

மாதக் கடைசியில் அனுமதி கொடுக்கப்போகிறார்கள். அதற்குள், எண்ணியது செல்லாது, நான் சரிபார்க்கவில்லை என்று எழுதிக் கொடு. வேலை போனால் வா, உன் அறை அப்படியே இருக்கிறது, தூசி மட்டும் துடைக்க வேண்டும். எழுத முடியாது என்றாலும் வா. வந்து அப்பா கையைப் பிடித்து ஒருமுறை இந்தத் தெருவைக் கடந்துவிட்டுப் போ.

நன்றாக இரு. கண் பார்வை தெளிவாக இருக்கட்டும். வெந்நீர் குடி, இருமலை அலட்சியம் செய்யாதே. மாதக் கடைசி, மறக்காதே.

இப்படிக்கு,
புறக்கணிக்கத்தக்கவரின் மனைவி,
உன் அம்மா