அப்பா கேட்டது போர்வை இல்லை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எப்போதும் அடுத்த வரி வரும். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கை பழகிவிட்டது, இப்போதும் பேனா அந்தப் பக்கமே போகிறது. ஆனால் இது அம்மா சொல்லி எழுதுவது இல்லை. அம்மா அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுத் தூங்குகிறாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாவு டின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். யாராவது வந்தால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்ல ஒரு டம்ளரை நிரப்பிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பயத்தில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்.

போன கடிதத்தில் அப்பாவுக்கு லேசான சளி என்று எழுதியிருந்தேன். சளி இல்லை அண்ணா. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கிறது, ஆளும் நன்றாகத் தெரிகிறது. இடது கை மட்டும் அசைகிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார், தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா உடனே உன்னைக் கூப்பிடத்தான் எழுந்தாள். சித்தப்பாதான் தடுத்தார். "அண்ணி, கொஞ்சம் யோசிங்க. ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி வந்தான்னா திரும்ப அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. அப்புறம் வீட்டு வாடகை யாரு தருவா? இவ படிப்பு என்ன ஆகும்?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை, அப்பாவைத் தினமும் தூக்கி உட்கார வைத்துத் துடைத்துவிடுவது அவர்தான். கடையிலிருந்து உனக்குப் போன் செய்யலாம் என்று பார்த்தேன். கடைக்காரர் அடுத்த நிமிஷமே சித்தப்பாவிடம் ஒப்பித்துவிடுவார் என்பது உனக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுகூட இல்லை. தறி ஷெட்டில் அப்பா பேசும் கை பாஷை உனக்கு நினைவிருக்கிறதா? அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்று அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். நீ சாப்பாடு கொண்டுபோகும்போது கற்றுக்கொண்டு வந்து எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். தொண்டையைத் தொட்டால் தண்ணீர். மூக்கைத் திருகினால் மேஸ்திரி வருகிறார். அம்மா கோபமாக வரும்போதெல்லாம் அப்பா மூக்கைத் திருகுவார், நாம் இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடுவோம். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவே பிடிக்காது. "வீட்டுல வாய் இருக்கில்ல, எதுக்கு இந்த ஊமைக் கூத்து?" என்று கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. சித்தப்பா மில் பக்கமே போகாதவர். அதனால் இப்போது இந்த வீட்டில் அந்தப் பாஷை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

விழுந்த மறுநாளிலிருந்து அப்பா இடது கையால் வலது தோளை இரண்டு முறை தட்டுகிறார். தட்டிவிட்டு என்னைப் பார்க்கிறார். "என்னடி கேக்குறாரு? உனக்குத்தானே தெரியும், சொல்லு" என்றாள் அம்மா. எனக்குத் தெரியும். உனக்கும் படித்தவுடன் தெரிந்திருக்கும். 'என் ஷிப்ட் முடிந்தது, அடுத்து தறியில் நிற்க என் மாற்றாளைக் கூப்பிடு.' அப்பா உன்னைக் கேட்கிறார் அண்ணா. ஆனால் நான், "தோள் குளிருதாம்மா, போர்வை கேக்குறாரு" என்றேன்.

அம்மா போர்வையைக் கொண்டுவந்து கழுத்துவரை போர்த்திவிட்டாள். அப்பா அதைத் தள்ளிவிட்டார். மறுபடி தோளைத் தட்டினார். அம்மா இன்னொரு போர்வை கொண்டுவந்தாள். வெக்கையில் நாங்கள் விசிறிக்கொண்டு நிற்கிறோம், அப்பா இரண்டு போர்வைக்குள்ளே வேர்த்துக் கிடக்கிறார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் என்னைத் திட்டும் பார்வை பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நேற்று சாயங்காலம் நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது திடீரென்று அந்த இடது கையைத் தூக்கி மூக்கைத் திருகினார். திரும்பிப் பார்த்தால் அம்மா வருகிறாள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு செய்த என்னை அப்பா இன்னமும் காப்பாற்றுகிறார் அண்ணா.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன், அது உண்மை. தாத்தா போனபின் சித்தப்பாவைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, தலை நரைத்த பிறகுதான் தனக்கென்று கல்யாணம் செய்துகொண்டார் அப்பா. மில்லில் வயதாகிவிட்டது என்று அனுப்பிய மறுவாரமே பள்ளிக்கூட வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். எழுபதைத் தாண்டியும், என் சீருடையை அவரேதான் இஸ்திரி போடுவார், மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். மில் பஞ்சு அடைத்த அந்த நெஞ்சோடு இருமிக்கொண்டே எல்லாம் செய்தார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது இந்த ஒன்றுதான், அதையும் நான் போர்வையால் மூடிவிட்டேன்.

ஆனால் படிப்பு மட்டும் காரணம் இல்லை. நீ பிறந்த அன்று நடந்ததை அம்மா சொல்லிச் சொல்லித் திட்டுவாளே. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லியும், மாற்றாளின் சைக்கிள் வழியில் பஞ்சராகிவிட்டதால் அப்பா தறியை விட்டு அசையவில்லை. அடுத்த ஆள் வந்து தோளில் கை வைக்கும்வரை நகரக்கூடாது, அதுதான் அந்த ஷெட்டில் எல்லோருடைய வழக்கம். இருட்டிய பிறகு ஓடிவந்தவரிடம் அம்மா, "மெஷின் உத்தரவு குடுத்துச்சா புள்ளையப் பார்க்க?" என்று கேட்டாளாம், அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டாராம். மாற்றாள் வராமல் அப்பா போகமாட்டார். வந்துவிட்டால் நிற்கவும் மாட்டார். எனக்கு அது தெரியும், அதனால்தான் போர்வை என்றேன். நீ வராமலே இருந்தால் அப்பா இப்படியே இருப்பார் என்று நினைத்துவிட்டேன். அவர் எத்தனை களைப்பாக நின்றுகொண்டிருக்கிறார் என்று நினைக்கவில்லை.

இதை எழுத உட்காரும் முன் அப்பாவிடம் போய் இரண்டு போர்வையையும் எடுத்துவிட்டேன். முழித்துக்கொண்டுதான் இருந்தார். என் தோளை நானே இரண்டு முறை தட்டி, பிறகு வாசல்பக்கம் கையைக் காட்டினேன். 'கூப்பிடுகிறேன்' என்று. அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அதனால் இனி நான் பின்வாங்க முடியாது. காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் இதைப் பெட்டியில் போட்டுவிடுவேன், அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் நானே சொல்லிவிடுவேன். அடித்தால் அடிக்கட்டும். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் வா அண்ணா. என் படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. அப்பாவின் இடது கை அதற்குப் போதும். வழியில் கண்டதைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, சட்டைப் பையில் டிக்கெட்டை வைக்காதே, அம்மா எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதச் சொல்வாள். நான் நினைவூட்டுவது ஒன்றுதான். வந்ததும் சட்டென்று அவர் தோளில் கை வைத்துவிடாதே. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார், உன் வேலையைப் பற்றிச் சொல், மூக்கைத் திருகிக் காட்டு, அவர் உன்னை ஆசைதீரப் பார்க்கட்டும். நானும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வை.

இப்படிக்கு,
உன் சுண்டெலி