கைகளை இறக்குங்கள்

அன்புள்ள பாஸ்டர்,

உங்கள் பிரசங்கக் குறிப்புக் கொப்பியை விரித்தால் இன்னும் சேற்று மணம் வருகிறது. பாஸ்டரம்மா அதை இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் என்னிடம் தந்தார். தாள்கள் அப்பளம்போல நெளிந்து நிற்கின்றன. நீல மை பல இடங்களில் கலங்கிப் போயிருக்கிறது. வாசிக்கக்கூடியதை எல்லாம் நல்ல கையெழுத்தில் எழுதித் தந்தால் நினைவு மலரில் போடலாம் என்று சபைச் செயலாளர் மாமா சொன்னார். "நீ புத்தகப் பூச்சிதானே, தண்ணியில ஊறினதையும் வாசிச்சுப் போடுவாய்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சபை புதுப்பிக்கப்படுவதைப் பற்றி நீங்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "எழுப்புதல் வேண்டும் என்று பாடுகிறோம். அது வந்தால் நம்முடைய வாங்கில் யாருக்குத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தோமா?" அதன் கீழே "வெருகல், ஏழு பேர்" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் நீலக் கறை.

அந்த ஏழு பேரையும் எனக்கு உங்கள் வாயால்தான் தெரியும். வெருகல் ஆற்றங்கரையில் மூன்று வீடுகள். சனிக்கிழமை பின்னேரம் செல்வி அக்காவின் முற்றத்தில் ஆராதனை. எங்கள் சபை எப்போதோ தொடங்கி, பிறகு மறந்துவிட்ட ஊழியம் அது. நீங்கள் இங்கு மாற்றலாகி வந்த மூன்றாம் மாதமே அதைத் திரும்பத் தொடங்கினீர்கள். கடைசிவரை அங்கே போனது நீங்கள் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். சபைக்குத் தெரிந்திருக்கவில்லை.

மிஷன் ஞாயிறு அன்று நடந்ததைச் சொல்கிறேன். துறைமுகத்துக் கப்பல் ஊதியதால் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, "அவரும் ஆமென் சொல்லுறார்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேர் உங்களோடு வெருகலுக்கு வர வேண்டும் என்றீர்கள். பிரசங்கம் செய்யத் தேவையில்லை, பாட்டுப் படித்தால் போதும், பக்கத்தில் இருந்தால் போதும் என்றீர்கள். வழக்கம்போல எல்லாரையும் கண்களை மூடச் சொன்னீர்கள். "ஒருவரும் சுற்றிப் பார்க்க வேண்டாம். ஆண்டவரும் நானும் மட்டும் பார்க்கிறோம். ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்."

நான் கண்ணைத் திறந்தேன். யார் யார் உயர்த்துகிறார்கள் என்று அறிய எனக்கு ஆசை. முன் வாங்கில் செயலாளர் மாமாவின் கைகள் மடியில் கோத்தபடி இருந்தன. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் இளைஞர் வரிசை முழுவதும் தலை குனிந்திருந்தது. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. நீங்கள் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தீர்கள். உங்கள் பார்வை என் திறந்த கண்களில் வந்து நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னீர்கள்:

"ஸ்தோத்திரம். கைகளை இறக்குங்கள்."

ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். "இளம் பெடியள் கன பேர் தூக்கியிருப்பாங்கள்" என்றார் செயலாளர் மாமா. "செயலாளர் கட்டாயம் தூக்கியிருப்பார்" என்று அம்மா என் காதில் சொன்னார். நான் கோப்பைகளைக் கழுவப் பின்பக்கம் போனபோது நீங்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"பிள்ளை, நீ கண்ணைத் திறந்தனி என்ன?"

"ஓம் பாஸ்டர்."

"எத்தினை கை கண்டனி?"

"ஒண்டும் காணேல்லை."

"என்ர கையைச் சேர்த்தால் ஒண்டு. தோள் நோவு எண்டபடியால் அதுவும் அரைவாசிதான் எழும்பும்" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எழும்பாத கைகளை ஏன் இறக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தருமில்லை எண்டு சொன்னால் சனம் வெக்கப்படும். வெக்கப்பட்ட சபை தங்களுக்கை சண்டை பிடிக்கும். கொஞ்சம் பொறுப்பம். தாங்களாய் வருவினம். நீ ஒருத்தருக்கும் சொல்லாதை."

அது பிழை, பாஸ்டர். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்று சொல்கிறேன். உங்கள் அந்த ஒரு வார்த்தையால் நாங்கள் எல்லாரும் நிம்மதியாக நித்திரை கொண்டோம். சனிக்கிழமை வரும்போதெல்லாம் யாரோ இரண்டு பேர் உங்களோடு போகிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தோம். கை உயர்த்தாதவர்களுக்கு அதைப் பற்றிக் கேட்க வெட்கம். அதனால் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் சனிக்கிழமைகளில் ரியூசன் வகுப்புக்குப் போனேன். அன்று எல்லாருடைய கைகளையும் எண்ணிய நான், என் கையை மடியில் இருந்த என் கொப்பியின் மேலேயே வைத்திருந்தேன். அதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

மழை தொடங்கிய மாதம் நீங்கள் இரண்டு தரம் நனைந்து வந்ததாகப் பாஸ்டரம்மா சொன்னார். கடைசிச் சனிக்கிழமை தெருவுக்கு மேலால் தண்ணீர் போனதாம். பஸ் அதற்கப்பால் போகாது என்று சொல்லிவிட்டதாம். நீங்கள் செருப்பைக் கையிலும் இந்தக் கொப்பியைப் பையிலும் வைத்துக்கொண்டு, வயல் தண்ணீருக்குள்ளால் இடுப்பளவு நனைந்து நடந்திருக்கிறீர்கள். காலில் ஏற்கெனவே ஒரு வெட்டுக் காயம். அடுத்த கிழமை காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது கண்கள் மஞ்சளாகிவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் கூட்டமாக நின்று ஜெபித்தோம். அந்தக் கூட்டம் பெரியது, பாஸ்டர். அவ்வளவு பேர் எங்கள் சபையில் இருக்கிறார்கள் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்த மறு கிழமை சபைக் கூட்டம் வைத்தார்கள். புதிய பாஸ்டர் வரும்வரை வெருகல் ஊழியத்தை நிறுத்துவதா என்ற கதை வந்தது. "ஏன் நிப்பாட்ட வேணும்? அண்டைக்குக் கை தூக்கின ஆக்கள் முன்னுக்கு வரட்டும்" என்றார் செயலாளர் மாமா. எல்லாரும் தலையைத் திருப்பி மற்றவர்களைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், "சரி, இப்போதைக்கு நிக்கட்டும்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஒருத்தருக்கும் சொல்லாதை என்ற உங்கள் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் பயம்.

போன சனிக்கிழமை உங்கள் வீட்டு மேசையில் இருந்து இந்தக் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் போன் அடித்தது. பாஸ்டரம்மா பெயரைப் பார்த்துவிட்டு, "என்னால ஏலாது, நீ கதை" என்று நீட்டினார். செல்வி அக்கா.

"பாஸ்டருக்குப் பிறகு, இண்டைக்கு ஆரும் வருவினமோ எண்டு கேக்க எடுத்தனான், தங்கச்சி. பாய் விரிச்சு வைச்சிருக்கிறம்."

 புதிய பாஸ்டர் வர வேண்டும், ரோட்டுச் சரியில்லை, பரீட்சை வருகிறது என்று ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்ன, பரவாயில்லை. நாங்கள் உங்களுக்காக ஜெபிக்கிறதை விடேல்லை."

"எங்களுக்காகவோ?"

"ஓம். பாஸ்டர் மிஷன் ஞாயிறு முடிஞ்ச கிழமையே வந்து சொன்னவர். என்ர சபையில ஒரு கையும் எழும்பேல்லை, அவையளுக்காகக் கேளுங்கோ எண்டு. ஒவ்வொரு சனியும் கேட்டனாங்கள். ஒரு கையாவது எழும்பினதோ, தங்கச்சி?"

எங்களிடம் மறைத்ததை அவர்களிடம் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் உதவி செய்யப்போவதாக நினைத்துக்கொண்டிருந்த ஏழு பேர், இத்தனை மாதமாக எங்களுக்காகப் பாயில் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். நான் போனைப் பாஸ்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழும்பினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மிஷன் ஞாயிறு அண்டைக்கு நான் கண்ணைத் திறந்து பாத்தனான்" என்றேன். "ஒரு கையும் எழும்பேல்லை. என்ர கையும் எழும்பேல்லை. பாஸ்டர் தனியத்தான் போனவர்."

செயலாளர் மாமா, "பிள்ளை, இரு" என்றார். அதட்டவில்லை. குரல் உடைந்திருந்தது. அதன்பின் ஒருவரும் பாட்டுத் தொடங்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய் அப்படியே இருந்தது. நீங்கள் பயந்த சண்டை வரவில்லை, பாஸ்டர். வெட்கம் வந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். முன்னுக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். செயலாளர் மாமா கொப்பியில் உள்ளவற்றோடு இந்த மடலையும் மலரில் போடுவாரோ தெரியாது.

வீட்டுக்குப் போகும்போது அம்மா எனக்கு முன்னால் விரைந்து நடந்தார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். எங்கள் நகரத்துக்குள் திரியும் மான்கள் இரண்டு தெருவோரக் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன; அவற்றை விலத்திப் போனோம். எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்துதான் நின்றார்.

"சனிக்கிழமை வெருகல் பஸ் எத்தினை மணிக்கு?"

எனக்குத் தெரியவில்லை, பாஸ்டர். இத்தனை மாதத்தில் அதை உங்களிடம் நாங்கள் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.