பாங்கொக் வரை போன பாட்டு

1996 யூன் 4, கொட்டாஞ்சேனை
கசெற்றுக்கு ஒன்பது பாட்டு வேண்டும், எட்டு முடிந்தது. எல்லாம் கதைப் பாட்டு, எல்லாம் ப்ளூஸ். ஒரு அடியை இரண்டு தரம் பாடி, மூன்றாவதில் விஷயத்தைப் போட்டு உடைக்க வேண்டும். சென்றியில் மறித்துச் சோதிக்கிற ஆமிக்காரனும் ஒரே கேள்வியை இரண்டு தரம்தானே கேட்கிறான், எங்களுக்குப் பழக்கம் என்றேன். என் மனுசன் ஹியூபேட் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். இவர் சிரித்துக் கனநாள்.

யூன் 9
ஒன்பதாவது ஹியூபேட்டின் கதை. போன வருசம் கனடாவுக்கென்று முழுத் தெருவும் கூடி மாலை போட்டு அனுப்பியது. காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்ற் பாங்கொக்கில் கைவிட்டான். ஆறு கிழமையில் அதே சூட்கேசோடு வாசலில் நின்றார். அன்று முதல் கோயிலில் கடைசி வாங்கில் இருப்பார், சந்திக்குப் பின் ஒழுங்கையால் போவார், ஒருவர் கண்ணிலும் படாமல். தெருவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இவரைத் தின்கிறது. என் பாட்டுகளில் இதுதான் நல்லது. எனக்குத் தெரியும்.

யூன் 10
பாடிக் காட்டினேன். "இதுக்கு நான் கிற்றார் அடிக்க மாட்டன், செலீன். சனத்துக்கு முன்னால என்னை அம்மணமாக்காத."

யூன் 11
சோறு மட்டும் கேட்டார்.

யூன் 15
நான் செய்தது பிழையா? பாட்டில் பிழை இல்லை. ஆனா அது அவருடைய கதை — கேட்டுட்டு எழுதியிருக்கலாம். எட்டோடு விடுவோம் என்றேன். பாட்டு எழுதின தாளை வாங்கி வாசித்தார். பிறகு, "எயாப்போட்டில நான் அழேல்லை எண்டு எழுதியிருக்கிறாய். அழுதனான். எழுதினா சரியா எழுது."

யூன் 16
மின்வெட்டு. பற்றரியில் றெக்கோட் பண்ணினோம். அழுகிற அடியை இரண்டு தரம் பாடினேன். மூன்றாவதில் எயாப்போட்டைக் கூட்டுகிற மனுசி ஒருத்தி இவருக்கு வாழைப்பழம் கொடுக்கிறாள். உண்மையாம். வாழைப்பழத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

ஓகஸ்ட் 25
கசெற் வந்து, தெருவெல்லாம் எங்கள் பாட்டு. பக்கத்து வீட்டு றேமண்ட் நாளைக்கு ஏஜென்றோடு பயணம். பிரியாவிடைக்குப் பாடக் கூப்பிட்டார்கள். பயணம் போகிறவனுக்கு முன்னால் பாங்கொக் பாட்டா? நான் மற்ற எட்டில் ஒன்றான மீன்காரன் பாட்டைத் தொடங்கினேன். ஹியூபேட் என்னை நிறுத்திவிட்டு, தானே பாங்கொக்கைத் தொடங்கினார். வாழைப்பழ அடிக்கு றேமண்டின் மனுசி ஐறீன் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில், நான் எழுதாத ஒன்றை றேமண்டைப் பார்த்துப் பாடினார்:

"சரிவராட்டி திரும்பி வா மச்சான், கதவைத் தட்டு.
சரிவராட்டி திரும்பி வா மச்சான், கதவைத் தட்டு.
என்ர மனுசி திறந்தவள், முதல்ல தேத்தண்ணி தந்தவள்."

அடுத்த பாட்டை விட்டுவிட்டு, நான் ஐறீனோடு போய்த் தேத்தண்ணி வைத்தேன்.