பணி மாற்ற ஆளில்லை

மார்ச் 3, 2114. காலை 6.10

காலிஸ்டோ தொடர்பு நிலையம், வியாழனின் நிலா. எழுதுவது: ஜெபக்கனி, இயந்திரப் பராமரிப்பு.

காற்று சரி. தண்ணீர் சரி. வெளியே பனிக்கட்டி, மேலே வியாழன். இரண்டும் நேற்று விட்ட இடத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது ஆன்டெனா முனகுகிறது, கிரீஸ் போட வேண்டும்.

ஆட்கள் இருவர். நானும் நிலையத் தலைவர் சங்கரநயினாரும். மற்ற இருவரும் போன வருஷக் கப்பலில் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் கப்பல் கிளம்பிய பிறகுதான் நயினார் அண்ணாச்சிக்கு மறதி நோய் என்று தெரிய வந்தது. அடுத்த கப்பல் ஜூனில். அதுவரை பணி எல்லாவற்றையும் தானியங்கியில் போட்டுவிட்டேன். அவருக்கு ஒரு பாரமும் இல்லை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஒரு விஷயம். இந்தக் குறிப்பை இத்தனை வருஷமும் எழுதியவர் அவர்தான். அவர் எழுத்து முத்து மாதிரி இருக்கும். என்னுடையதைப் பொறுத்துக்கொள்ளவும்.

மார்ச் 9. மாலை 6.40

ஆன்டெனா சரியாகிவிட்டது. அண்ணாச்சி சரியில்லை.

சாயங்காலம் ஆனால் கட்டுப்பாட்டு அறை வாசலுக்கு வந்துவிடுகிறார். இங்கே எடை குறைவு என்பதால் ஈயம் வைத்த செருப்பு போட்டுத்தான் நடப்போம். அந்தச் செருப்புச் சத்தம் வாசலிலிருந்து தாழ்வாரக் கோடி வரை போகிறது, திரும்பி வருகிறது. என்ன வேண்டும் என்று கேட்டால் எரிந்து விழுகிறார். உட்கார வைத்தால் உடனே எழுந்துவிடுகிறார்.

பூமிக்குச் சொல்லி அனுப்பினேன். இங்கிருந்து ஒரு வார்த்தை போய்ச் சேர முக்கால் மணி நேரம், பதில் திரும்ப இன்னொரு முக்கால் மணி. காத்திருந்து வாங்கிய பதில் இது:

"இந்த நோயில் மாலை நேரத்தில் குழப்பம் கூடுவது இயல்பு. கவலைப்பட வேண்டாம். டாக்டர் மிருதுளா, தலைமையகம்."

கவலைப்படுவது நான் இல்லையம்மா, அவர்.

மார்ச் 17. இரவு 9.15

சாப்பாட்டைத் தொடுவதில்லை. தட்டை வைத்தால் பயந்தவர் போலத் தள்ளி வைக்கிறார். எடை இறங்கிக்கொண்டே வருகிறது. பேச்சும் குறைந்துவிட்டது. சதுரங்கப் பலகையை எடுத்து வைத்தேன், அதை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்து அலமாரியில் ஏற்றிவிட்டார்.

இன்று கோமதி எங்கே என்று கேட்டார். கோமதி அக்கா அவர் மனைவி, இறந்து பத்து வருஷம் ஆகிறது. பொய் சொல்லக் கூடாது என்று உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுபவர் போல அழுதார். சாயங்காலம் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன், மறுபடி அழுதார். எனக்கு என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு மனுஷனை ஒரே நாளில் எத்தனை முறை இழவு வீட்டுக்கு அனுப்புவது?

இனி அவர் கோமதியைக் கேட்டால், அக்காவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறேன்.

மார்ச் 24. காலை 9.30

தலைமையகத்திலிருந்து வந்தது, அப்படியே எழுதுகிறேன்:

"உணவு மறுப்பு, பேச்சுக் குறைவு, இடைவிடாத நடை ஆகியவை நோய் கடைசிக் கட்டத்தை அடைந்ததைக் காட்டுகின்றன. நோயாளியை உறக்கப் பெட்டியில் வைத்து, கப்பல் வரும்வரை மயக்கத்திலேயே பாதுகாக்கவும்."

உறக்கப் பெட்டி என்னவென்று எனக்குத் தெரியும், அதற்கு மாதாமாதம் எண்ணெய் போடுகிறவள் நான்தான். நல்ல மூளைக்காரர்களே அதிலிருந்து எழுந்து இரண்டு நாள் தங்கள் பெயரைத் தேடுவார்கள். இவர் உள்ளே போனால் திரும்பி வருவது இவராக இருக்காது.

பதில் அனுப்பினேன். இது மறதி இல்லை. மறந்தவன் சும்மா இருப்பான், இவர் எதற்கோ பயப்படுகிறார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, அதற்காக ஆளையே விளக்கு மாதிரி அணைத்து வைப்பதா? இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கலாம்.

டாக்டர் ஏப்ரல் நடுவரை அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் எடை ஏறாவிட்டால் பெட்டிதான்.

ஏப்ரல் 2. மாலை 7.20

கண்டுபிடித்துவிட்டேன். என் மண்டையில்தான் குட்ட வேண்டும்.

இன்று அவரை உட்கார வைக்கப் பார்க்காமல் கூடவே நடந்தேன். நாலைந்து நடை போனதும் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எவ்வளவு நேரந்தான் நிப்பேன் பிள்ள? மாத்தி விட ஒருத்தரும் வரமாட்டேங்காவ."

இந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரே ஏற்படுத்தியது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பணி மாறும். அடுத்தவர் வந்து கட்டுப்பாட்டுப் பலகையில் கையை வைத்து, ஏற்றுக்கொண்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பணியில் இருப்பவர் உட்காரக் கூடாது, சாப்பிடக் கூடாது, தூங்கக் கூடாது. யாரோ ஒருவர் பலகையில் சாம்பாரைக் கொட்டியதிலிருந்து வந்த சட்டம் என்று சொல்வார்கள்.

அவரிடமிருந்து பணியை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பாரத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நான் பொத்தானை அமுக்கித் தானியங்கிக்கு மாற்றினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மனுஷன் பணியிலேயே இருக்கிறார். மற்றதெல்லாம் மறந்துபோச்சு, இது மட்டும் உடம்பில் இருக்கிறது. ஒரு நிலையத்தின் உயிர் முழுக்கத் தன் கையில், என்ன செய்ய வேண்டும் என்பதோ நினைவில்லை. அந்தப் பயத்தோடு ஒரு வருஷத்துக்குப் பக்கமாக நின்றிருக்கிறார்.

பலகையில் கையை வைத்தேன். "நான் வந்துட்டேன் அண்ணாச்சி. ஏத்துக்கிட்டேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன். தாமதமாக வந்ததற்கு லேசாக முறைத்தார். பிறகு போய் இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். நான் சமையலறையில் நின்று ஏங்கி ஏங்கி அழுதேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 12. காலை 10.05

எடை ஏறியிருக்கிறது. தினமும் ஆறு மணிக்குப் பணியை வாங்கிக்கொள்கிறேன். காலையில் கொடுத்தும் விடுகிறேன். சும்மா இல்லை, காற்று வடிகட்டிகளைத் துடைத்து அடுக்குவது அவர் பணி. என்னைவிட நன்றாகத் துடைக்கிறார்.

ஆனால் பயம் போன இடத்தில் துக்கம் உட்கார்ந்திருக்கிறது. காலையில் எழுந்திருக்க மனசில்லை. பிடித்த பாட்டைப் போட்டாலும் முகம் அசைவதில்லை. நேற்று வடிகட்டியை மடியில் வைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு பேசினார்:

"என்னமோ தொலைஞ்சு போகுது கனி. எது தொலைஞ்சுதுன்னு தெரிஞ்சாலாவது தேடலாம். அதுவும் தெரியல."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அது என் சௌகரியத்துக்குச் சொல்வது. விழுங்கிவிட்டேன். "ஆமா அண்ணாச்சி. பயமாத்தான் இருக்கும். நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வந்தது:

"நான் அவசரப்பட்டுவிட்டேன். இது பதற்றமும் மனச்சோர்வும். மறதி நோய்க்கு உள்ளே ஒளிந்திருந்தது. மருந்து குறைந்த அளவில் தொடங்குங்கள், பலிக்கச் சில வாரம் ஆகும். நீங்கள் செய்வதை நிறுத்தாதீர்கள். உறக்கப் பெட்டி வேண்டாம்."

இந்த டாக்டர் பரவாயில்லை.

மே 20. மாலை 6.30

மருந்து பிடித்திருக்கிறது. இன்று சிரித்தார். நான் ஸ்பானரைக் காலில் போட்டுக்கொண்டு கத்தியதற்குத்தான், இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதான். மாலையில் சத்தம் அதிகமானால் மிரள்கிறார். எச்சரிக்கை மணிகளின் ஒலியைக் குறைத்தேன், விளக்கைக் கூட்டினேன்.

என் பெயர் அவருக்கு மறந்துபோச்சு. கனி போய் இப்போது "பிள்ள" மட்டும்தான். கோமதி அக்காவைப் பெண் பார்க்கப் போன கதையைத் தினமும் சொல்கிறார். தினமும் புதிதாகக் கேட்கிறேன். நான் சொன்னது எதுவும் அவரிடம் மறுநாள் இருப்பதில்லை. என் அப்பா செத்த கதையைச் சொன்னேன், காலையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த நிலாவில் நான் தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் அவருக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்கும். ஆனால் தனியாகத்தான் இருக்கிறேன்.

ஜூன் 11. பகல் 2.50

கீழ் அறையில் குளிரூட்டும் குழாய் வெடித்து அம்மோனியா கசிந்தது. முகமூடி எடுக்கப் போனால் அதற்குள் அண்ணாச்சி இருந்த தாழ்வாரத்துக்கு வாயு ஏறிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினேன். வால்வு துருப்பிடித்திருந்தது. பிடித்த மூச்சு போதவில்லை.

கதவை அடைத்தாயிற்று. அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஜூன் 12. காலை 8.00

இருமலில் ரத்தம். ஆக்சிஜன் வைத்திருக்கிறேன். டாக்டர் சாய்ந்து உட்காரச் சொல்கிறார், படுக்கக் கூடாதாம். அதைச் சொன்ன டாக்டரின் குரலும் சரியில்லை.

கப்பலிலிருந்து:

"நிலையத்தில் கசிவு என்று அறிகிறோம். நாளை சுற்றுப்பாதையை அடைவோம். உள்ளிருந்து மனிதக் குரலில் பதில் வந்தால் மட்டுமே இறங்க அனுமதி. பதில் இல்லையென்றால் உயிரோடு ஆள் இல்லை என்று கருதித் திரும்புவோம்."

நாளை வரை குரல் இருக்குமா தெரியவில்லை. ரேடியோவைப் படுக்கைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். அண்ணாச்சிக்குப் பொத்தானைக் காட்டினேன். குரல் கேட்டால் இதை அமுக்கி, இருக்கிறோம் என்று சொல்லுங்கள். செரி என்றார். கொஞ்ச நேரத்தில் இது என்ன பொத்தான் என்று கேட்டார். மறுபடி காட்டினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஜூன் 12. மாலை

ஆறு மணி. பணியை வாங்கப் பலகை வரை போக முடியவில்லை. படுக்கையிலிருந்தே சொன்னேன். போய்ச் சாப்பிட்டார்.

வருகிறவர்களுக்கு. அவர் சொல்வதைத் திருத்தாதீர்கள். சாப்பிடாவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று எழுதாதீர்கள், முதலில் பயமா துக்கமா பாருங்கள். மருந்து காலையில் ஒன்று. அவர் நடந்தால் கூட நடங்கள். ஆறு மணிக்கு மறக்காமல்

எனக்கும் பயமாக இருக்கிறது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று தெரியாமலே உட்கார்ந்திருக்கிறார். என் தலையை

ஜூலை, 2098. நேரம் பார்க்கவில்லை

எழுதுவது: சங்கரநயினார், நிலையத் தலைவர்.

காற்றில் லேசாக நெடி. தண்ணீர் சரி.

இங்கே படுக்கையில் சாய்ந்தபடி ஒரு பிள்ளை இருக்கிறது. புதிதாக வந்த ஆள் போலும். பெயர் கேட்டு எழுத வேண்டும். நேற்றோ எப்போதோ ரொம்பப் பயந்துபோய் இருந்தது. என்னவென்று கேட்டால் இன்னும் பயப்படும். அதனால் கேட்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிவிட்டது. இப்போது தூங்குகிறது. கை ஜில்லென்று இருக்கிறது. என் போர்வையையும் சேர்த்துப் போர்த்தினேன், சூடு ஏறவில்லை. சாப்பிட எழுப்ப மனசு வரவில்லை. துக்கத்தில் இருப்பவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

ரேடியோவில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பெரிய சத்தம். பிள்ளை விழித்துவிடுமே என்று பொத்தானை அமுக்கி, மெதுவாகப் பேசுங்கள், இங்கே ஒரு ஆள் தூங்குகிறது என்று கண்டித்தேன். அந்தப் பக்கம் யாரோ அழுவது போலிருந்தது. பிறகு மெதுவாகவே பேசினார்கள். நிலையத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

இரண்டு பேர் என்று சொன்னேன்.