சிங்கவரம் துறைமுகத்தை விற்க வந்தவர்கள்

என் செல்லத் தம்பி பிரபுவுக்கு,

நம்ம கேமுக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டது. திண்டிவனம் ரோட்டில் அந்த லாரி உன்மேல் ஏறிய நாளில் அது வெறும் வதந்தியாகத்தான் இருந்தது. இப்போது நிஜம். அதையொட்டி இங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போனில் நாலு பேர் ஒரு படகில் ஏறி, எதிரிப் படகுகளிடமிருந்து ஒரு தீவைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பாறையும் வெயிலுமாக இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நீ ஒரு குழு ஆரம்பித்தாய். அதற்குச் ‘சிங்கவரம் துறைமுகம்’ என்று பெயரும் வைத்தாய். வெளியூர்க்காரன் ஒருவன் மேப்பில் தேடிவிட்டு, அங்கே கடலே இல்லையே என்று கேட்டான். அலை ஓய்ந்திருக்கிறது, அதனால் தெரியவில்லை என்று பதில் எழுதினாய். அந்தப் பெயரைத்தான் விற்கப் பார்த்தார்கள்.

முதலில் கம்பெனிக்காரர்களின் அறிவிப்பு வந்தது. உங்கள் அன்புக்கு நன்றி, பழைய விளையாட்டை எளிமைப்படுத்துகிறோம் என்று ஆரம்பித்தது. எளிமை என்றால் என்ன தெரியுமா? முன்பின் தெரியாதவர்களோடு இனி மோத முடியாது. ஒரே குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் அறை திறந்து விளையாடிக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்த சர்வரை மூடிவிடுவார்கள், எங்கோ தூரத்தில் ஒன்று மட்டும் இருக்கும். ஏதாவது கெட்டுப்போனால் சரிசெய்ய மாட்டார்கள். கையைக் காலை வெட்டிவிட்டு, எடை குறைந்திருக்கிறது பார் என்று சொல்வதற்கு இத்தனை நன்றி.

கடைசியில் ஒரு சலுகை. குழுவின் தலைவர் சம்மதித்தால் பெயர், கொடி, ஜெயித்த கோப்பைகள் எல்லாம் இரண்டாம் பாகத்துக்குப் போகும். போனால் பழைய குழு கலைந்துவிடும்.

நம் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை மூண்டது. ஒரு கம்பெனிக்காக மனிதர்கள் இப்படிக் கூலியில்லாமல் வாதாடி நான் பார்த்ததே இல்லை. பழசுக்கே செலவு செய்துகொண்டிருந்தால் புதுசை எப்படிக் கொடுப்பார்கள் என்று ஒருவன் கேட்டான், ஏதோ கணக்கு வழக்கெல்லாம் அவன் வீட்டில்தான் நடப்பது போல. சர்வருக்குக் கரண்ட் வீணாகிறது, பூமி சூடாகிறது என்றான் இன்னொருவன். அவன் வீட்டு மொட்டைமாடி லைட் பகலிலும் எரியும். எதிர்த்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டாம் பாகத்தைத் தொடவே மாட்டேன் என்று சபதம் போட்ட வீரன், அடுத்த நாளே அதற்கு முன்பதிவு செய்த படத்தைப் போட்டு எல்லாரையும் வரச்சொன்னான். இவர்களோடுதான் நீ அத்தனை தீவுகளைக் காப்பாற்றினாயா?

விஷயம் இதுதான். இரண்டாம் பாகம் பழைய போன்களில் ஓடாது. மசூதித் தெருவில் ஜாக்கெட் தைக்கிற மும்தாஜின் போனில் ஓடாது. அனந்தபுரம் மண்டியில் மூட்டை ஏற்றுகிற ஏழுமலையின் போனில் ஓடாது. என்னுடையதிலும் ஓடாது. குரூப்பில் பாதிப் பேர் நிலைமை இதுதான். ஆனால் அத்தனை வாதத்திலும் இதை ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்லவில்லை. முன்னேற்றம், மாற்றம், காலம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகத் தேடிப் போட்டார்கள்.

துறைமுகத்துக்குத் தலைவன் இன்னும் நீதான். உன் போன் என்னிடம் இருக்கிறது. அதனால் விக்னேஷ் நான் வேலை செய்கிற மெடிக்கலுக்கு வந்தான். உனக்குத் துணைத்தலைவனாக இருந்தானே, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறானே, அவனேதான். இப்போது விளையாட்டைப் பற்றி வீடியோ போடுகிறான். முடியை நீலமாக்கியிருக்கிறான்.

கவுண்டரில் மாத்திரை வாங்க ஆட்கள் நிற்க, அவர்களுக்கு நடுவில் புகுந்து, சம்மதம் என்று ஒரு தட்டு தட்டினால் போதும் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே குரலைத் தாழ்த்தினான்.

“பிரபு இருந்தா அவனே முதல் ஆளா போயிருப்பான்க்கா. அவனுக்காகத்தான் கேக்குறேன்.”

“அவன் இருந்தா நீ கேட்டிருக்கவே மாட்ட,” என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு எதுவும் உறைக்காது. அதுதான் அவனுடைய மூலதனம்.

ஆனாலும் நானாக முடிவெடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கோட்டை அடிவாரத்து டீக்கடைக்கு வரச்சொன்னேன். நீலமுடி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அரை மணி நேரம் பேசியது. இரண்டாம் பாகத்துத் தண்ணீர் நிஜத் தண்ணீர் மாதிரியே இருக்கும் என்றது. போகிறவர்களுக்குப் பொற்காலம், மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றது. சிலர் தலையாட்டினார்கள். டீ யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதை நீயே யூகித்துக்கொள்.

மும்தாஜ் ஓரமாக நின்றிருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள், உனக்குத் தெரியும். படகில் பின்பக்கத்தைக் காக்கிற இடம்தான் அவளுக்கு, அங்கேயும் சத்தமில்லாமல்தான் சுடுவாள். அன்றைக்கு விக்னேஷைப் பார்த்துக் கேட்டாள்.

“புதுசு வேணாம்னு நான் சொல்லல. என் போன்ல ஓடாது. அப்போ நான் வேணாம்னுதான அர்த்தம்? அத நேரா சொல்றதுக்கு இன்னா?”

கடைக்காரர்கூட பாய்லரிலிருந்து திரும்பிப் பார்த்தார். விக்னேஷ், உணர்ச்சிவசப்படாதே தங்கச்சி என்றான். எங்கள் கடையில் தவணைக்குப் போன் இருக்கிறது, வந்து பார் என்றான். அத்தனை பேர் எதிரில், அந்தக் கேள்விக்கு அவன் கொடுத்த பதில் அது.

அப்போதுதான் ஏழுமலை எழுந்து வந்து தன்னுடைய உடைந்த கண்ணாடிப் போனை என் கையில் கொடுத்தான். விக்னேஷின் வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முதல்நாளே போட்டிருக்கிறான். ‘சிங்கவரம் துறைமுகம் இரண்டாம் பாகத்தில் இறங்குகிறது’ என்று தலைப்பு. உன் போட்டோ, அதற்கு மாலை, சோகமான புல்லாங்குழல். பிரபுவின் கடைசி ஆசையை நிறைவேற்றுகிறோம் என்று குரல் தழுதழுக்கச் சொல்கிறான். அது முடிந்ததும் அதே குரல் தெளிந்து, இந்த விளையாட்டுக்கு ஏற்ற போன்கள் எங்கள் கடையில் கிடைக்கும் என்கிறது.

கடைசி ஆசையா? தலையில் அடிபட்டு நீ ஆசை சொல்கிற நிலையிலா இருந்தாய்? ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நின்றது நானும் நம்ம நைனாவும். விக்னேஷ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நான் கத்தவில்லை. போட்டோவை எடு என்று மட்டும் சொன்னேன். ரெண்டு பேருக்கும் விளம்பரம்தானேக்கா என்றான். ரெண்டு பேருக்குமாம்! செத்தவனுக்கு எதற்கடா விளம்பரம்?

உன் போனைத் திறந்தேன். சம்மதமில்லை என்று அழுத்தினேன். தலைவரை மாற்று என்று ஒரு இடம் இருந்தது. அதில் மும்தாஜின் பெயரைத் தட்டினேன். நீலமுடி நாற்காலியை விட்டு எழுந்தது. இது துரோகம், எல்லாரிடமும் கேட்டிருக்க வேண்டும் என்றது. எல்லாரிடமும் கேட்காமல் வீடியோ போட்டவன் சொல்கிறான். வீடியோவை இப்போதே அழிக்காவிட்டால் நாளைக்கு நைனாவோடு உன் கடை வாசலில் வந்து நிற்பேன் என்றேன். நைனாவின் கோபம் அவனுக்குத் தெரியும். அங்கேயே அழித்தான்.

அதன்பிறகு பாதிப் பேர் அவனோடு போனார்கள். இரண்டாம் பாகத்தில் ‘ஒரிஜினல் சிங்கவரம் துறைமுகம்’ என்று தொடங்கியிருக்கிறார்கள். ஒரிஜினல் என்று எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் எதற்கெல்லாம் வருகிறது, பார்த்தாயா? ஒருநாள் தெரிந்தவர் போனில் அந்த விளையாட்டைப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், தண்ணீர் அழகாகத்தான் இருக்கிறது. படகில் ஏறுவதற்கு முன்னால் விளம்பரம் பார்க்க வேண்டும், இறங்கும்போதும் பார்க்க வேண்டும். பின்பக்கத்தைக் காக்க ஆளில்லாமல் விக்னேஷ் தோற்றுக்கொண்டே இருக்கிறான். தோல்வியையும் வீடியோவாகப் போட்டுவிடுகிறான்.

எங்கள் பக்கம் சொர்க்கமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. தூரத்து சர்வர் என்பதால் நான் சுடுகிற குண்டு, எதிரிப் படகு கடந்துபோன பிறகுதான் போய் விழுகிறது. எதிரி என்று சொல்வதும் ஏழுமலையைத்தான். இருப்பவர்கள் எங்களுக்குள்ளேயே பிரிந்து மோதிக்கொள்கிறோம். மும்தாஜ் தலைவியானதும் சத்தம் போடக் கற்றுக்கொண்டாள். லேட்டாக வந்தால் என்னையே கரையில் நிறுத்திவிடுகிறாள். குழு அறிவிப்பில் அவள் எழுதியிருப்பது ஒரே வரி: பழைய போன் வைத்திருப்பவர்களும் வரலாம். மண்டகப்பட்டிலிருந்து ஒரு அங்கன்வாடி டீச்சர் வந்து சேர்ந்திருக்கிறார். உன்னை அவருக்குத் தெரியாது. நீ யார் என்று கேட்டார். படகு கிளம்புகிற நேரம், பிறகு சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கடைசி சர்வரையும் ஒருநாள் நன்றி சொல்லியே மூடுவார்கள். அதைத் தடுக்க எனக்குச் சக்தியில்லை, அதனால் அந்தச் சத்தியம் செய்யமாட்டேன். செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். அதுவரை எங்களில் யாரையும் போனைக் காரணம் காட்டிக் கரையில் விடமாட்டோம். உன் முகத்தைக் காட்டி எவனும் எதையும் விற்க விடவும் மாட்டேன், அவன் எந்த நிறத்தில் முடி வைத்திருந்தாலும்.

உன்னைப் பெறாமல் வளர்த்த,
உன் அக்கா மஞ்சுளா