வரைபடத்தில் இல்லாத மடு

மகளே,

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நம் பூர்வகுடி ஆட்களை வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்ற இடங்களின் நினைவுக் கற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாய். நான் கதவைச் சாத்தினேன். அது சரிதான். நம் ஆட்கள் சுடப்பட்டு விழுந்த மடுவையும் வரைபடத்தில் அச்சடித்துவிடுவாய் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரில் நாம் தேநீர்கூடப் போடுவதில்லை. வரைபடம் வந்தால் சுற்றுலாக்காரர்கள் அதில் குளித்துவிட்டு பீர் பாட்டிலை எறிந்துவிட்டுப் போவார்கள்.

நேற்று உன் அத்தை வந்தாள். பேராசிரியர்கள் உன்னை விசாரித்த கூட்டத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாளாம்.

"மடு எங்கேன்னு காட்டாம எப்படிம்மா பட்டம் குடுக்கறது?" என்றாராம் ஒருவர்.

"அது நான் காட்டுற இடம் இல்லீங்க. எங்கப்பாவைக் கேட்டுப் பாருங்க. எனக்கே கதவு திறக்கல, உங்களுக்கா திறப்பார்?" என்றாயாம்.

"அண்ணே, அப்படியே உன் வாய்!" என்று சிரித்தே என் நாற்காலியை உடைக்கப் பார்த்தாள் அத்தை.

பட்டமும் கொடுத்துவிட்டார்களாம். அங்கே செத்தவர்களுக்கு வைக்கும் நினைவுக் கல்லையும் மடுவின் கரையில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரத்தில் நடுங்கள் என்று நீதான் சண்டை போட்டாயாம். இன்று காலை போய்ப் பார்த்தேன். கல் சாய்ந்து நிற்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டும். மடுவுக்குப் போகும் புதரில் ஒரு சக்கரத் தடமும் இல்லை. திரும்பி வந்து பகலிலேயே தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கங்காரு வாலைத் தணலில் புதைத்துச் சுடுகிறேன். கதவு திறந்துதான் கிடக்கிறது. வெயில் காலம், அதனால்.

இப்படிக்கு,
எதிலும் தவறாத உன் அப்பா