ஆறு என்று எழுதியவர்

புரட்டாசி 11, சனி

காலை மேகமூட்டம். மலைக்கோயில் கோபுரம் தெரியவில்லை. மாத்திரை இரண்டு. பால் தாமதம்.

பத்தரைக்கு ஒரு சின்ன விமானம் அரக்கோணம் பக்கமாகப் போனது. பிஸ்டன் என்ஜின்தான். சத்தம் தேயும்வரை மொட்டை மாடியில் நின்றேன். சீராகவே போனது. பிறகுதான் இறங்கினேன்.

"மேல இன்னா, தூண் மாதிரி நின்னுகினு?" என்றாள் என் மனைவி. துணி எடுக்கப் போனதாகச் சொன்னேன். கொடியில் துணியே இல்லை.

மாலை அம்மையார்குப்பத்திலிருந்து போன். முனிரத்தினத்தின் மகள் கோமதி. சென்னை விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் என்ஜினியர், முனிரத்தினம் என் உதவியாளர். அங்கே வேலை போனபின் இருபத்திரண்டு வருடமாக விசைத்தறிகளுக்கு எண்ணெய் விடுகிறார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மறுநாள் இங்கே வந்து மலைப்படி ஏறுவார், தன்னால் செத்ததாக அவர் நம்பும் எங்கள் பயிற்சி விமானி கேப்டனுக்காக. இறங்கி வந்து நம் வீட்டில் மோர் குடிப்பார்.

"நைனாவுக்கு முட்டி சுத்தமா போச்சுங்க. இந்த வாட்டி எனக்காக சாரை ஏறச் சொல்லு, கற்பூரம் ஏத்தச் சொல்லுன்றாரு."

ஆகட்டும் என்றேன். வேறு என்ன சொல்வது.

புரட்டாசி 13, திங்கள்

புழுக்கம். ரேஷன் கடை பூட்டு.

செத்த கேப்டன் ம. கனவில் மட்டுமில்லை, பகலிலும் வருகிறார். இன்று முகம் மழிக்கும்போது. முகம் தெரிவதில்லை. விமானத்தின் படியில் ஒரு கால் வைத்து, "எண்ணெய் எவ்ளோ சார்?" பறக்குமுன் எப்போதும் கேட்பது அதுதான்.

அவர் செத்தது எப்படி என்று இதுவரை எங்கும் எழுதவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். என் நினைவை நானே முழுதும் நம்புவதில்லை; ஆனால் இது சரி.

எண்ணெய் பார்க்கும் முறை:
1. என்ஜின் நின்று பத்து நிமிடமாவது ஆகவேண்டும். மேலே ஏறிய எண்ணெய் வடியணும்.
2. விமானம் சமதளத்தில்.
3. டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு காட்டும் கம்பி) துடை, முழுக்க இறக்கு, எடு, வெளிச்சத்தில் பார்.
4. எட்டுக் கோடு உண்டு. எட்டு வரை ஊற்றாதே, மேலே உள்ளது மூச்சுக்குழாய் வழியே வெளியே போய்விடும். ஆறு போதும். நாலுக்குக் கீழே பறக்காதே.
5. அந்தந்த விமானத்தின் டிப்ஸ்டிக் அந்தந்த விமானத்துக்கே.

ஐந்தாவதில்தான் பிழை. எங்களிடம் இரண்டு விமானம். பார்வைக்கு ஒன்றுபோல, என்ஜின் வேறு, கோடுகளின் இடம் வேறு. ஆயுத பூஜையன்று ஸ்பானர், திருப்புளியோடு இரண்டு டிப்ஸ்டிக்கையும் உருவி, பெட்ரோலில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். நான்தான். சாயங்காலம் துடைத்துத் திரும்பப் போட்டதும் நான்தான். மாற்றிப் போட்டேன்.

மறுநாள் காலை முனிரத்தினம் பார்த்தபோது ஆறு காட்டியது. ஆறு என்று எழுதினார். உள்ளே இருந்தது மூன்றரை. பழைய என்ஜின், எண்ணெய் குடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தபின் இறுகி நின்றுவிட்டது. கேப்டன் ஏரிக்கரையில் இறக்கப் பார்த்தார். மாணவன் பிழைத்தான். கேப்டன் இல்லை.

பார்க்காமலே எழுதினார் என்று முனிரத்தினத்தை வேலையைவிட்டு நீக்கினார்கள். பார்த்தேன் பார்த்தேன் என்று கொஞ்ச நாள் சொன்னார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு மூன்றாம் நாளே தெரியும். மற்ற விமானத்தில் நானே ஆறு ஊற்றியிருந்தேன். மூன்றரை காட்டியது. அது விழுந்த விமானத்தின் டிப்ஸ்டிக். அதை நாலாக உடைத்துக் குப்பையில் போட்டேன். தொலைந்தது என்று எழுதிப் புதிது வரவழைத்தேன்.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. பொரி, சுண்டல், வாழைக்கன்று. தெரு முழுக்கக் கழுவின தண்ணீர்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர்: "உங்க ஸ்கூட்டரு இன்னா பாவம் பண்ணிச்சு பெரியவரே, ஒரு பொட்டுகூட வெக்க மாட்டறீங்க?"

மனைவி உள்ளிருந்தே: "அவருக்குச் சந்தனம்னாலே ஆவாது. தம்பி பொண்ணு கல்யாணத்துல பூசினதையே தொடைச்சுகினாரு."

சிரித்தார்கள். நானும்.

புரட்டாசி 16, வியாழன்

தூறல். ஆறே முக்காலுக்குப் படி ஏறத் தொடங்கினேன். கற்பூரப் பொட்டலம் கையில். எண்ணிக்கொண்டே.

நூற்றுப் பத்தாவது படியில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கவில்லை. முனிரத்தினத்தின் பேரில் இதை ஏற்றினால், அவர்தான் கொன்றார் என்று சாமியிடமும் நான் கையெழுத்துப் போடுகிறேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே இறங்கினேன்.

கீழே தேங்காய்க் கடைக்காரி: "இன்னா தாத்தா, பாதியிலயே ரிட்டனா?"

ஆமாம் என்றேன்.

புரட்டாசி 17, வெள்ளி

டவுன் பஸ், ஆர்.கே.பேட்டை வழி. அம்மையார்குப்பத்தில் இறங்கியதிலிருந்தே தறிச் சத்தம். நாக்குக் குழறும் என்று ஏழு வரி எழுதி எடுத்துப் போனேன்.

முனிரத்தினம் கட்டிலில். எழுந்திருக்கப் பார்த்தார். "ஏறிட்டீங்களா சார்?"

காகிதத்தைப் படித்தேன். சிரித்துவிட்டார்.

"என் மனசு ஆறணும்னு இட்டுக்கட்டறீங்க. நீங்க தப்பு பண்ணுவீங்களா? ஒரு போல்ட்ட மூணு வாட்டி பாக்கற ஆளாச்சே."

அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. காகிதத்தை மடித்தேன். அவரே கேட்டார்.

"அந்த இன்னொரு வண்டி. அதுல எவ்ளோ காட்டுச்சு?"

"மூன்றரை."

"ஊத்துனது?"

"ஆறு. நானே ஊற்றினேன்."

கணக்குப் போடுவது தெரிந்தது. உதடு அசைந்தது.

"எப்ப பாத்தீங்க?"

"மூன்றாம் நாள்."

"என்னை அனுப்புனது அதுக்கு அடுத்த வாரம்."

"ஆமாம்."

என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.

பஸ் நிறுத்தம் வரை கோமதி என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூஜைக்குத் தங்கள் தறியில் நெய்த துண்டு ஒன்றை என் மனைவிக்கு என்று அதில் வைத்திருந்தாள்.

"நைனா செவுத்துப் பக்கம் திரும்பிகினு அழுவுறாருங்க. இன்னா சார் சொன்னீங்க?"

சொன்னேன். இந்தமுறை காகிதம் இல்லாமல்.

"நைனா மேல பழி விழுந்தப்புறம் பள்ளிக்கூடத்துல என்னை எப்படிக் கூப்புடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன்.

பையைத் தரையில் வைத்தாள். துண்டை வெளியே எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பஸ் வர நாற்பது நிமிடம்.